எல்லாருக்கும் ஒரே தட்டு

கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு மைதாதான் வேண்டும் என்று இன்னும் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவர்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பி வையுங்கள். எங்கள் வீட்டு டிசம்பர் மாதப் பலகாரத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும். தொட்டாலே நொறுங்கும் அச்சு முறுக்கு, வாயில் போட்டதும் நெய் மணத்தோடு கரைந்துபோகும் அரிசி பிஸ்கட், கருப்பட்டியும் சுக்கும் மணக்கும் கருப்புக் கவுனி நட்சத்திரங்கள். மூன்றிலும் கோதுமை துளிகூடக் கிடையாது. முட்டை கிடையாது. முந்திரி, பாதாம், நிலக்கடலை எதுவும் கிடையாது. இத்தனையும் இல்லாமல் இவ்வளவு ருசி எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? காவிரி டெல்டா அரிசியிலிருந்து வருகிறது. அந்த அரிசியை எப்படிப் பதப்படுத்த வேண்டும் என்று நம் பாட்டிகள் கண்டுபிடித்து வைத்த பக்குவத்திலிருந்து வருகிறது. எனக்கு இது இவ்வளவு பிடித்துப்போனதால், பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடம்.

எங்கள் குடும்பம் பெரியது. பண்டிகைக்கு எல்லாரும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். அக்கா மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி எதுவும் வாழ்நாள் முழுக்க ஆகாது. கொழுந்தனார் மகனுக்கு முட்டை ஒவ்வாமை. அவன் தங்கைக்குப் பால் ஆகாது. நெய்யும் வெண்ணெயும்கூடத் தொடக் கூடாது. நாத்தனாருக்கு முந்திரி, நிலக்கடலை பட்டாலே உதடு வீங்கிவிடும். இப்படி ஒரு கூட்டத்துக்கு யார் யாருக்கு எது என்று தனித்தனியாகச் செய்து, தனித்தனியாக எடுத்து வைத்து, "இது உனக்கில்லைடா கண்ணு" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் முன்பெல்லாம் பண்டிகையாக இருந்தது. இப்போது ஒரே தட்டு. எல்லாரும் கை வைக்கலாம். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நான் எதையும் கேட்க மாட்டேன்.

கோதுமைக்கும் குடலுக்கும் என்ன சண்டை?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதக் கூட்டத்துக்குப் பொதுப்பெயர் குளூட்டன். பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது இதுதான். சீலியாக் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்க ஆரம்பிக்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பிள்ளைகள் வளர மாட்டார்கள், ரத்தசோகை பிடிக்கும், வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு மருத்துவம் ஒன்றே ஒன்று: குளூட்டனை அடியோடு விடுவது. கோதுமை ஒவ்வாமை, முட்டை ஒவ்வாமை, கடலை ஒவ்வாமை ஆகியவை வேறு வகை. அவற்றில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று சில நிமிடங்களிலேயே காட்டிவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். இரண்டுக்கும் சமையலறையில் எடுக்க வேண்டிய கவனம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சீலியாக்குக்குக் காரணம் கோதுமைதான் என்ற உண்மையை உலகத்துக்குச் சொன்னவர் வில்லெம் காரெல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் டூலிப் செடியின் கிழங்கைத் தின்ற காலம். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் வந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்து சேர்ந்ததும் பழையபடி படுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கோதுமைமேல் சந்தேகம் வைத்திருந்த டிக்கே, 1950ல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவிக் காட்டினார். அதற்கு முன்பு, 1924ல், சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார். காரணம் தெரியாமலே கோதுமையை ஒதுக்கிய வைத்தியம் அது. அரிசியும் வாழையும் விளைகிற மண்ணில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நமக்குத் தேவையானது அத்தனையும் வாசலிலேயே விளைந்துகொண்டிருக்கிறது!

2016ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இன்னொரு விஷயத்தையும் சொன்னது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கில் 25 கிராம்தான். சீலியாக்கும் வடக்கோடு ஒப்பிட்டால் தெற்கில் மிக அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே இங்கே அந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. "ஒரு பிஸ்கட் தின்னா என்ன ஆயிடும்?" என்று பாசத்தோடு நீட்டுகிற சொந்தக்காரர்கள் அதிகம். அவர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆகாததை விலக்கச் சொல்வதைவிட, ஆவதை ருசியாகச் செய்து கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஒட்டு எங்கேயிருந்து வருகிறது?

பிஸ்கட்டைப் பற்றி முதலில் ஒரு நல்ல சேதி. ரொட்டிக்குக் குளூட்டன் தேவை. பிஸ்கட்டுக்குத் தேவையே இல்லை. மைதா பிஸ்கட் செய்யும்போது மாவை அதிகம் பிசையாதே என்று ஏன் சொல்கிறார்கள்? பிசையப் பிசையக் குளூட்டன் இறுகி, பிஸ்கட் கரகரப்பை இழந்துவிடும் என்பதால்தான். அரிசி மாவில் அந்தப் பயமே வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஷார்ட்பிரெட்டில் மொறுமொறுப்புக்கென்றே கொஞ்சம் அரிசி மாவைச் சேர்க்கிறார்கள். ஈரானில் நவ்ரூஸ் பண்டிகைக்கு முழுக்க அரிசி மாவிலேயே பிஸ்கட் செய்கிறார்கள். ஏலமும் பன்னீரும் மணக்கும், மேலே கசகசா தூவியிருக்கும். அரிசி பிஸ்கட் என்பது கௌரவமான, பழமையான பண்டிகைப் பலகாரம்.

அரிசி மாவுக்கு இருக்கிற சங்கடங்கள் இரண்டு. நறநறப்பு ஒன்று, உதிர்வது இன்னொன்று. இரண்டையும் தீர்க்கிற வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது என்று எனக்கு உணர்த்தியவர் என் மாமியார். கடைகளில் குளூட்டன் இல்லாத மாவுக்கென்று விற்கும் ஒட்டுப்பொடிகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டே, "ஏம்மா, அரிசி மாவு எதுல ஒட்டுதுன்னு நெனக்கிற? சூட்டுலதான். வெந்நி ஊத்தாம ஒரு கொழுக்கட்டை புடிச்சிருவியா நீ?" என்றார்.

"இல்ல அத்தை" என்றேன். அன்றைக்கு என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

எவ்வளவு பெரிய உண்மை! கொதிக்கும் நீரோ, கொதிக்கும் பாகோ பட்டதும் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி, உப்பி, பசையாகிறது. இடியாப்பம், கொழுக்கட்டை, அதிரசம் எல்லாமே இந்த ஒரு வித்தையில்தான் நிற்கின்றன. அதிரசத்துக்கு ஈர மாவில் சூடான வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, ஒரு நாள் இரண்டு நாள் மூடி வைக்கிறோமே, அந்த நேரத்தில் மாவு பாகை முழுக்கக் குடித்து வழவழப்பாகிவிடுகிறது. கோதுமைக்கு மாற்று தேடி அலைய வேண்டாம். அரிசிப் பலகாரத்தின் பதத்தை அப்படியே ஓவனுக்குள் கொண்டுபோனால் போதும். இந்த ஒரு வரிதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸையே மாற்றிப்போட்டது.

மாவு

எல்லாம் மாவில் ஆரம்பிக்கிறது. கடையில் 'மாவு பச்சரிசி' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். கல், தூசி பார்த்து, நன்றாகக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். அச்சு முறுக்குக்கும் அதிரசத்துக்கும் கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற பதத்தில் அரைக்க வேண்டும். பிஸ்கட்டுக்கு நன்றாக உலரவிட்டு அரைத்து, இரண்டு தடவை சலித்து, அடிகனமான சட்டியில் நிறம் மாறாமல் வறுத்தெடுக்க வேண்டும். வறுத்த மாவால் கோலம் போட்டால் இழை அறுபடாமல் விழ வேண்டும், அதுதான் பதம். நறநறப்பு போவது இந்தச் சலிப்பில்தான். சல்லடையில் நிற்கும் குருணையை வீசிவிடாமல் எடுத்து வையுங்கள், மறுநாள் கஞ்சிக்கு ஆகும்.

எந்த அரிசி என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, ஆ.து. என்ற எழுத்துகளோடு வரும் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவை. குறுவையில் விளைந்த சன்ன ரக அரிசியின் மாவு வெளுப்பாக, லேசாக இருக்கும். நெய் பிஸ்கட்டுக்கு அதுதான் பொருத்தம். இன்னொரு பக்கம் பாரம்பரிய ரகங்கள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018ல் மறைந்த நெல் ஜெயராமனுக்கு இந்த டெல்டாவின் ஒவ்வொரு அடுப்படியும் கடன்பட்டிருக்கிறது. இன்று மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க முடிகிறது என்றால் அவரைப் போன்றவர்களால்தான். மாப்பிள்ளைச் சம்பா மாவில் தவிட்டு மணமும் செம்மை நிறமும் கிடைக்கும். கருப்புக் கவுனி வெந்தால் இயல்பாகவே பிசுபிசுக்கும். பிசுபிசுக்கிறதே, குளூட்டன் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அது மாவுச்சத்தின் குணம். எந்த அரிசியிலும் குளூட்டன் கிடையாது.

நெய் பிஸ்கட்

வறுத்துச் சலித்த பச்சரிசி மாவு 200 கிராம். பொன்னிறமாக வறுத்து அரைத்துச் சலித்த பாசிப்பருப்பு மாவு 50 கிராம். பொடித்த சர்க்கரை 100 கிராம். நெய் 130 கிராம். ஏலப்பொடியும் ஒரு சிட்டிகை உப்பும். இவ்வளவுதான் சாமான்.

பாசிப்பருப்புக்கு ஒரு காரணம் உண்டு. டெல்டாவில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு, வயலில் ஈரம் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு அந்த மிச்ச ஈரத்திலும் பனியிலும் பயறு வளர்ந்துவிடும். ஒரே வயலின் இரண்டு விளைச்சல் ஒரே பிஸ்கட்டில் சேர்வது எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. ருசிக்கும் அதுதான் அச்சாணி. அரிசி மொறுமொறுப்பைக் கொடுக்கிறது, பருப்பு மணத்தையும் கரைவையும் கொடுக்கிறது. பயத்தம் உருண்டையின் வாசனை ஓவனிலிருந்து வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நெய் உருகியிருக்கக் கூடாது. மணல் மணலாக உறைந்த பதத்தில் எடுத்துச் சர்க்கரையோடு வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். பிறகு மாவைச் சேர்த்து, கையில் அழுத்திப் பிடித்தால் பிடியாக நிற்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் ஒரு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலைச் சூடாக்கித் தெளியுங்கள். மூடி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். இந்த அரை மணியில் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எலுமிச்சை அளவு உருட்டி, லேசாகத் தட்டி, 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். அடிப்பக்கம் இளம்பொன்னிறமானால் எடுத்துவிடலாம். சூட்டில் தொட்டால் உடைந்துவிடும். தட்டிலேயே ஆறவிட்டால் தானாக இறுகும். ஓவன் இல்லாத வீட்டில் கனமான இரும்புச் சட்டியில் உப்பைப் பரப்பி, உள்ளே ஒரு வளையம் வைத்து, மூடிச் சூடாக்கிச் சுடலாம். நாட்டுப்புறத்துப் பேக்கரி வாசனை அந்தச் சட்டியில் இன்னும் தூக்கலாகவே வரும்.

பால் ஆகாத குழந்தைக்கு? தேங்காய் எண்ணெய்! மார்கழிக் காலையில் தஞ்சாவூரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். அந்த உறைந்த எண்ணெயை வழித்தெடுத்து நெய்க்குப் பதிலாகத் தேய்த்தால் பிஸ்கட் அதே கரைவோடு வருகிறது, கூடவே தேங்காய் மணம். இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்குமே இந்தத் தேங்காய் எண்ணெய் பிஸ்கட்தான் பொதுத் தட்டில் வரும். நெய் பிஸ்கட்டைத் தனி டப்பாவில், மேலே எழுதி ஒட்டி, மேல் அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

கவுனி நட்சத்திரம்

என் செல்லப் பிள்ளை இது. கருப்புக் கவுனியை இரவு முழுக்க ஊறவைத்து, உலர்த்தி, அரைத்துச் சலித்த மாவு 150 கிராம். பச்சரிசி மாவு 100 கிராம். சுக்கு, ஏலம், கிராம்பு பொடித்தது. கருப்பட்டி 150 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நுரைத்துக் கொதிக்கும்வரை காய்ச்சுங்கள். கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றி, 60 கிராம் தேங்காய் எண்ணெயும் விட்டு, மரக்கரண்டியால் கிளறுங்கள். அந்த நொடியில் எழும்பும் வாசனை இருக்கிறதே, பனங்கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து வீடு முழுக்கப் பரவி, தெருவில் போகிறவர்களையே நின்று பார்க்க வைக்கும். மாவு கண்ணெதிரே நிறம் மாறும். சாம்பல் படிந்த ஊதாவாக இருந்தது ஆழ்ந்த கருஞ்சிவப்பாகிப் பளபளக்கும். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய், விரிசல் இல்லாமல் நிற்கும். குளூட்டன் இல்லாத மாவு தேய்க்க வராது என்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

மூடி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் எண்ணெய் தடவிய இரண்டு வாழையிலைகளுக்கு நடுவே வைத்து, கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, நட்சத்திரம், மணி, பிறை என்று வெட்டி, 150 டிகிரியில் 20 நிமிடம் சுடுங்கள். வெளியே கரகரப்பு, உள்ளே லேசாக மெல்லும் பதம். ஜெர்மனியின் இஞ்சி பிஸ்கட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை என்று மார்தட்டிச் சொல்வேன். சுட்ட அன்றைவிட மூன்றாம் நாள் ருசி கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

இதை முதலில் செய்த வருஷம், வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தட்டில் போட்டு வைத்திருந்தேன். அக்கா மகள் வழக்கம்போலத் தள்ளி நின்று, "சித்தி, இது எனக்கும்தானா?" என்று கேட்டாள். "எல்லாமே உனக்கும்தான்டி தங்கம்" என்றேன். கூடத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளையும் அவளே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். பண்டிகைப் பலகாரத்தை மற்றவர்களுக்கு அவள் எடுத்துக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அச்சு முறுக்கு

தஞ்சாவூருக்குக் கிறிஸ்துமஸ் புதிதில்லை. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி நிற்கும் தேவாலயம் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1779ல் கட்டியது. அவர் 1798ல் இந்த ஊரிலேயே காலமானார். பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் டிசம்பரில் கூட்டம் கூட்டமாகப் போகிற ஊர் இது. இங்கே பல வீடுகளில் அச்சு முறுக்கு சுடாத கிறிஸ்துமஸே கிடையாது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதே பூ அச்சைக் கோதுமை மாவில் தோய்த்துச் சுடுகிறார்கள். கடல் தாண்டி வந்த அச்சு நம் பக்கம் அரிசி மாவிலும் தேங்காய்ப்பாலிலும் குளித்து எழுந்துவிட்டது. கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ். எல்லாம் ஒரே வம்சம்.

இப்போது பல வீடுகளில் மாவு பிரியாமல் இருக்க மைதாவையும் முட்டையையும் சேர்க்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஈரப்பதத்தில் அரைத்த பச்சரிசி மாவு 2 கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப், உப்பு, ஏலம், எள். கரண்டியின் முதுகில் மெல்லிய போர்வையாகப் படிகிற பதம். எள் ஆகாதவர்கள் இருந்தால் எள்ளை விட்டுவிடுங்கள். புது அச்சானால் முதலில் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு எண்ணெயில் போட்டுப் பழக்க வேண்டும். காய்ந்த எண்ணெயிலேயே அச்சைச் சூடேற்றி, மாவில் முக்கால் உயரம் மட்டும் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலாது. சரியான சூட்டில் அச்சு மாவைத் தொடும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஜெயித்தாயிற்று. எண்ணெய்க்குள் கொண்டுபோய் லேசாக உதறினால் பூ தானே கழன்று மிதக்கும். அந்தப் பூ கழன்று மிதப்பதை எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஒளிந்திருக்கும் கோதுமை

இனி, இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. மாவு அரிசியாக இருந்தால் மட்டும் போதாது. கோதுமை எங்கெங்கோ ஒளிந்திருக்கும்.

பெருங்காயத்தில் இருக்கும்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பசையோடு கோதுமை மாவையும் சேர்ப்பது வழக்கம். முறுக்கு, தட்டை, சாம்பார், ரசம் எல்லாவற்றிலும் அது போகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சீரகமும் மிளகும் போதும். திருவையாற்று அசோகாவை உலகமே கொண்டாடுகிறது, நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அதில் பாசிப்பருப்போடு கோதுமை மாவும் சேரும், ஆகவே சீலியாக் உள்ளவர்களுக்கு வீட்டில் அரிசி மாவு சேர்த்துக் கிண்ட வேண்டும். சோமாசு, கல்கல், சுழியத்தின் மேல்மாவு ஆகியவற்றில் மைதா. ரவை, சேமியா இரண்டும் கோதுமையே. மால்ட் என்று போட்டிருக்கும் பானங்களில் பெரும்பாலும் பார்லி.

அடுத்தது மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அது உங்கள் மாவிலும் வரும். சீலியாக் உள்ள வீட்டுக்கு நான் மன்றாடிச் சொல்வது, அரிசியை வீட்டிலேயே அரையுங்கள். இதற்கென்று ஒரு மிக்ஸி ஜாடி, ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி ஒதுக்கிவிடுங்கள். பூரி, சமோசா பொரித்த எண்ணெய் ஆகாது. புது எண்ணெய் வையுங்கள். பருப்பையும் வீட்டில் வறுப்பது நல்லது, ஏனென்றால் வெளியே பொட்டுக்கடலை வறுக்கும் இடத்தில் நிலக்கடலையும் வறுபடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பண்டத்தைத்தான் குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்கலாம். அந்த அளவு எவ்வளவு சிறியது என்று யோசித்தால், சல்லடையைத் தனியாக வைக்கச் சொல்வது ஏன் என்று புரியும். 2020ல் வந்த லேபிள் விதிகள் குளூட்டன் உள்ள தானியம், முட்டை, பால், நிலக்கடலை, கொட்டைகள், சோயா, மீன் போன்றவற்றைப் பாக்கெட்டில் தெரியும்படி குறிப்பிடச் சொல்கின்றன. தயவுசெய்து படியுங்கள். நாம் தயாரிக்கும் டப்பாவிலும் அப்படியே எழுதி ஒட்டுவோம்: இதில் என்ன இருக்கிறது, எது இல்லை. புதிதாக ஒரு சாமான் சேர்ப்பதானால் ஒவ்வாமை உள்ளவரையோ அவர் மருத்துவரையோ கேட்டுவிட்டுச் சேர்ப்போம்.

ஊர் முழுக்கப் போகட்டும்

எங்கள் தெருவில் பண்டிகைத் தட்டு எல்லா வீட்டுக்கும் போகும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார், கிறிஸ்துமஸுக்கு நாங்கள், ரம்ஜானுக்கு எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து. நாங்கள் அனுப்பிய டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அக்கா வருகிறார் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டு அம்மா எங்கள் மாமியாரிடம் வந்தார். "உங்க பேத்தி முறை பொண்ணு வருதாமே, புது எண்ணெய்ல தனியா அதிரசம் சுட்டிருக்கேன். பெருங்காயம் போட்ட எதையும் பக்கத்துலகூட வைக்கல" என்று ஒரு தூக்கை நீட்டினார். இப்படி ஓர் அன்பை வேறு எங்கே போய் வாங்குவது?

1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகமாகத் தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் நிற்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி. வயலில் நெல், பயறு. படுகையில் வாழை, தென்னை. வீட்டுக்கு வீடு பலகாரம் சுடத் தெரிந்த கைகள். குளூட்டன் இல்லாத பிஸ்கட்டை உலகமே கொள்ளை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது, அதைச் செய்ய இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எது? வீணையும், தலையாட்டி பொம்மையும், கலைத்தட்டும் போல 'தஞ்சாவூர் அரிசி பிஸ்கட்' என்ற பெயரும் ஒரு நாள் நாலு திசைக்கும் போகும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். மகளிர் குழுக்கள் கையில் எடுத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த டிசம்பரில் விருந்துக்கு யாரை அழைக்கிறீர்களோ, அவர்களுக்கு எது ஆகாது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசியை ஊறவையுங்கள், கருப்பட்டியைக் காய்ச்சுங்கள், புது எண்ணெயை வையுங்கள். மாவை மட்டும் நினைத்ததைவிட இரண்டு மடங்காக அரைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு அனுபவத்தில் சொல்கிறேன், எதுவும் ஒத்துக்கொள்ளும் வயிறு உள்ளவர்கள்தான் முதலில் தட்டைக் காலி செய்கிறார்கள்.